லேப்டாப்பில் இருப்பதும் அமானிதமே
(அறக்கட்டளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் அறக்கட்டளை லேப்டாப்பில் என்ன இருக்கிறது? ஜகாத் பெறும் குடும்பங்களின் பெயர், பேங்க் கணக்கு எண், எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்ற விவரம். எல்லாம் நம்மை நம்பிச் சொன்னவை. மாயவரத்திலிருந்து திருக்கடையூர் வரும் பஸ்ஸில் அந்தப் பை தவறிவிட்டால்?

அதற்காகத்தான் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருக்கிறோம். பாஸ்வேர்டு தெரியாதவர் டிஸ்கைக் கழற்றிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. ஆனாலும் பூட்டிவிட்டோம் என்று சும்மா இருக்க முடியாது.

லேப்டாப் ஓடும்போது அந்தப் பூட்டின் சாவி ராம் நினைவகத்தில் இருக்கும். மூடியை மடித்து ஸ்லீப்பில் விட்டாலும் அங்கேயே இருக்கும். கரண்ட் போன பிறகும் சில விநாடி அழியாது. நன்றாகக் குளிரவைத்தால் நிமிடக்கணக்கில் நிற்கும். 2008-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிச் சாவியை எடுத்து, பிட்லாக்கர், ஃபைல்வால்ட், ட்ரூகிரிப்ட் ஆகியவற்றைத் திறந்து காட்டினார்கள்.

ட்ரூகிரிப்டைச் செய்தவர்கள் 2014 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். 2015-ல் அதன் விண்டோஸ் பதிப்பில் இரண்டு ஓட்டைகள் தெரியவந்தன. அதன் வழிவந்த வெராகிரிப்டில் அவற்றை அடைத்தார்கள். ட்ரூகிரிப்டில் அடைக்க ஆளில்லை.

ஆகவே, வேலை முடிந்ததும் ஷட்டவுன் செய்வோம். அப்டேட்டைத் தள்ளிப்போட மாட்டோம். கைவிடப்பட்ட மென்பொருளை வைத்திருக்க மாட்டோம். உங்கள் பிள்ளைகளின் லேப்டாப்புக்கும் இதுவே வழி.

நம்மிடம் கஷ்டத்தைச் சொன்ன ஒரு தாயின் பெயர் நம் அலட்சியத்தால் வெளியே போகக்கூடாது. இன்ஷா அல்லாஹ், அந்த அமானிதத்தைக் காப்போம்.