எழுத்தும் ஏவலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழாசிரியை ஒருத்தி இவ்விழா மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சங்க இலக்கியத்தில் ஒரு துறையை எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று அன்பர் ஒருவர் கேட்டார். நான் பேச வந்ததும் இலக்கணமே. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் உலகின் பெருநிறுவனங்கள் பலவற்றையும் அரசுகள் பலவற்றையும் உறங்கவிடாமல் செய்த மென்பொருள் குறை ஒன்று, அடிப்படையில் ஓர் இலக்கணப் பிழை என்பது என் துணிபு. அதனைச் சொல்லிக்காட்ட முயல்கிறேன்.

நம் ஊரில் எந்தப் பனியன் கம்பெனிக்குச் சென்றாலும் வாயிலில் வாட்ச்மேன் ஒரு நோட்டுடன் அமர்ந்திருப்பார். வந்தவர் பெயர், வண்டி எண், யாரைக் காண வந்தார், வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றை அதில் எழுதுவார். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்தால் எத்தனை ரோல், எத்தனை கிலோ என்பதும் அதில் ஏறும். அந்த நோட்டை நாள்தோறும் யாரும் எடுத்துப் படிப்பதில்லை. ஒரு ரோல் குறைந்தால்தான் அதற்கு உயிர் வரும். முதலாளி முதல் மேலாளர் வரை எல்லாரும் அதன் பக்கங்களைப் புரட்டுவர். கணிப்பொறி நிரல்களும் இப்படி ஒரு நோட்டை வைத்துக்கொள்கின்றன. யார் நுழைந்தார், என்ன கேட்டார், எங்கே தடை நேர்ந்தது என்று நொடிதோறும் எழுதி வைக்கின்றன. அதனை ஆங்கிலத்தார் 'லாக்' என்பர். நாம் குறிப்பேடு என்போம்.

ஜாவா என்னும் நிரல்மொழியில் எழுதப்படும் மென்பொருள்களுக்காக இந்தக் குறிப்பேட்டு வேலையைச் செய்து தருவது 'லாக் ஃபோர் ஜே' என்னும் நிரல் நூலகம். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம் என்ற உரிமத்துடன் வழங்கப்பெறுவது. வங்கி, வணிகம், அரசு அலுவலகம், விளையாட்டு என்று ஜாவா சென்ற இடமெல்லாம் பெரும்பாலும் அதுவும் உடன் சென்றது.

இனிப் பிழைக்கு வருவோம். கம்பெனி வாயிலுக்கு முன்பின் அறியாத ஒருவன் வருகிறான். "பெயர் என்ன?" என்று வாட்ச்மேன் கேட்கிறார். "கிடங்கைத் திற" என்கிறான் அவன். நல்ல வாட்ச்மேன் என்ன செய்வார்? பெயர் என்ற கட்டத்தில் 'கிடங்கைத் திற' என்று எழுதிவைத்துவிட்டு, "ஏனப்பா, இதுவும் ஒரு பெயரா?" என்று சிரிப்பார். லாக் ஃபோர் ஜே என்ற வாட்ச்மேன் நோட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கிடங்கைத் திறந்தார். நடந்தது இவ்வளவே.

சற்று விளங்கச் சொல்கிறேன். எழுதும் குறிப்புக்குள் ஒரு டாலர் குறியும் அதனையடுத்து ஒரு நெளிவு அடைப்பும் வந்தால், உள்ளிருப்பதை அப்படியே எழுதாமல் அதற்குரிய மதிப்பைத் தேடி அவ்விடத்தில் வைக்கும் வசதி இந்நூலகத்தில் இருந்தது. நாளைக் குறிக்கும் சொல் வந்தால் நாளையே இட்டுவிடும். நல்ல வசதிதான். 2013இல் இவ்வசதி மேலும் நீட்டப்பெற்றது. வேறொரு கணிப்பொறியில் இருக்கும் பெயரடைவுக்குச் சென்று, அங்கிருப்பதை எடுத்து வரவும் அது கற்றுக்கொண்டது. எடுத்து வருவது வெறும் சொல்லாக இருக்கவேண்டும் என்பதில்லை. இயங்கும் நிரலாகவும் இருக்கலாம். அது வந்தவுடன் இயங்கவும் செய்யும். ஆகவே, எங்கோ இருக்கும் ஒருவன் தேடல் பெட்டியிலோ, பெயர் கேட்கும் கட்டத்திலோ ஒரே ஒரு வரியை எழுதினால் போதும். குறிப்பேடு அதனை எழுதப் புகும். புகுந்த இடத்தில் ஏவலை ஏற்கும். அவன் சுட்டிய முகவரிக்குச் சென்று அவன் வைத்திருக்கும் நிரலைக் கொணர்ந்து தன் வீட்டுக்குள் நடமாட விடும். கடவுச்சொல் தேவையில்லை, பூட்டை உடைக்க வேண்டியதில்லை.

மொழியியலார் ஒரு சொல்லைப் பயன்படுத்துவதற்கும் அச்சொல்லைச் சுட்டுவதற்கும் இடையே வேறுபாடு காண்பர். இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவருக்கு விளக்குவது எளிது. ஏனெனில் நம் மொழியில் வினைப்பகுதியே ஏவலாகவும் நிற்கும். பவணந்தியார் நன்னூல் பதவியலில் வினைப்பகுதிகளை 23 வாய்பாடுகளாகத் தொகுக்கும்போது அவற்றை ஏவல் வினைகளாகவே காட்டுகிறார். வகுப்பில் நான் 'நட' என்று கரும்பலகையில் எழுதுகிறேன். எந்த மாணவியும் எழுந்து நடப்பதில்லை. 'வா' என்று எழுதுகிறேன். கடைசி இருக்கைக்காரி முன்னால் வருவதில்லை. அது பகுதி என்றும், பேசப்படும் பொருள் என்றும், தமக்கு இடப்பட்ட கட்டளை அன்று என்றும் பதினெட்டு வயதுப் பெண்கள் ஒரு நொடியில் உணர்கிறார்கள். அந்த உணர்வைத்தான் நிரலாளர்கள் தம் நூலகத்துக்குக் கொடுக்கத் தவறினர். எழுதவேண்டிய பொருளும் இயற்றவேண்டிய ஏவலும் ஒரே வாயில் வழியாக உள்ளே வந்தன. இரண்டையும் பிரித்தறிய அங்கே ஆளில்லை.

ஏவல் என்ற சொல்லுக்கு நம் வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு. கொங்கு நாட்டார்க்கு அதனை நான் விளக்க வேண்டியதில்லை. பில்லி, சூனியம், ஏவல் என்று அடுக்கிச் சொல்வார்கள். யாரோ எங்கோ இருந்து சொல்லை ஏவ, அது நம் வீட்டுக்குள் புகுந்து வேலை செய்யும் என்ற அச்சம் அது. பகுத்தறிவாளர் அதனை நகைப்பர், நானும் நம்புவதில்லை. ஆயினும் 2021 டிசம்பரில் நிகழ்ந்ததை இதனினும் துல்லியமாக எச்சொல் குறிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கவிஞர்கள் நிறைந்த அவையாதலால் அறம் பாடுதலையும் நினைவூட்ட விரும்புகிறேன். நந்திக் கலம்பகத்தோடு சேர்த்து வழங்கும் கதை அனைவரும் அறிந்ததே. பாடலைக் கேட்டால் உயிர் போகும் என்று அறிந்தும், தமிழின்மேல் கொண்ட காதலால் நந்திவர்மன் ஒவ்வொரு பந்தலாக அமர்ந்து கேட்டு இறுதியில் எரிந்து மாண்டான் என்பர். வரலாற்றாசிரியர் இதனை ஏற்பதில்லை. அது வேறு செய்தி. கதைக்குள் இருக்கும் ஒரு நியாயத்தை மட்டும் பாருங்கள். அரசனுக்கு முன்னரே சொல்லப்பட்டது. அவன் தெரிந்தே அமர்ந்தான். லாக் ஃபோர் ஜேயைத் தம் மென்பொருளுக்குள் வைத்திருந்தவர்களுக்கோ, தாம் ஒரு பந்தலின் கீழ் அமர்ந்திருக்கிறோம் என்பதே தெரியாது.

இக்குறையை முதலில் கண்டு தெரிவித்தவர் அலிபாபா கிளவுட் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஜாவோஜுன். 2021 நவம்பர் 24ஆம் நாள் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அவர் எழுதினார். திருத்தம் முற்றுப்பெறும் முன்பே செய்தி கசிந்து, டிசம்பர் 9, 10 நாள்களில் உலகெங்கும் பரவிவிட்டது. குறைகளின் கடுமையை அளக்கும் அளவுகோலில் இது பத்துக்குப் பத்துப் பெற்றது. மாணவர்க்குப் பத்துக்குப் பத்து இடவே கை தயங்கும் எனக்கு அந்த எண்ணைக் கண்டதும் திகைப்பாயிற்று. மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் சிறுவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் உரையாடல் பெட்டியில் அவ்வரியை எழுதியே கணிப்பொறிகளைக் கைப்பற்ற முடிந்தது. கைப்பேசிக்கு வைக்கும் பெயராக அவ்வரியை எழுதியபோது, தொலைவிலிருந்த பெருநிறுவனமொன்றின் கணிப்பொறி அம்முகவரியைத் தேடிப் புறப்பட்டதை ஆய்வாளர்கள் காட்டினர். பெல்ஜிய நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் தாக்குண்டு, தன் வலையமைப்பின் ஒரு பகுதியை மூடி வைக்க நேர்ந்தது. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் அம்மாதமே எச்சரிக்கை விடுத்தது. அப்பாச்சிக் குழுவினர் ஒரே மாதத்தில் 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று நான்கு திருத்தப் பதிப்புகளை வெளியிட்டனர். ஒன்றை அடைத்தால் அதனருகே இன்னொன்று தென்பட்டதே காரணம்.

குறையைக் கண்டு சொன்னவர் பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? அரசுக்கு உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்று கூறிச் சீன அமைச்சகம் அலிபாபா கிளவுட் நிறுவனத்துடன் தான் கொண்டிருந்த பாதுகாப்புத் தகவல் ஒத்துழைப்பை ஆறு மாதங்களுக்கு நிறுத்தி வைத்ததாக அந்நாட்டு ஏடுகள் அதே டிசம்பரில் எழுதின. உலகத்துக்கு உரிய நேரத்தில் சொன்னவருடைய நிறுவனத்துக்குக் கிடைத்த பரிசு அது.

இவ்வளவு சிறிய நூலகம் இவ்வளவு பெரிய இடங்களுக்குள் எப்படிப் புகுந்தது என்ற வினா எழும். திருப்பூரில் இருப்போர்க்கு விடை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. பனியன் கம்பெனி எதுவும் தன் நூலைத் தானே நூற்பதில்லை. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், எலாஸ்டிக், பட்டன், லேபிள் வேறிடங்கள். மென்பொருளும் அப்படித்தான். பிறர் செய்த நூறு உறுப்புகளைச் சேர்த்துத் தைத்துத் தன் பெயரை ஒட்டுகிறார்கள். நிட்டிங் எந்திரத்தில் ஓர் ஊசி முறிந்தால் துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு இறங்கும். அந்த ரோலில் வெட்டிய ஒவ்வோர் ஆடையிலும் அது இருக்கும். ஆனால் நாம் அந்த ரோலைத் தேடிப் பிடித்துவிடுவோம். எந்த லாட் நூல், எந்தப் பட்டறைச் சாயம், எந்த நாள் கட்டிங் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டு பையர் கேட்டால் காட்டியாக வேண்டும். ஆடையின் உட்புறத்தில் இத்தனை விழுக்காடு பருத்தி என்று லேபிள் வைக்காமல் ஒரு பெட்டியும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகாது. 2021 டிசம்பரில் உலகின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கு இல்லாதிருந்தது அந்த லேபிள்தான். தம் சரக்கில் லாக் ஃபோர் ஜே இருக்கிறதா, எத்தனையாம் பதிப்பு, எந்த உறுப்புக்குள் எந்த உறுப்பாக ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. திருத்துவதற்கு ஒரு நாள் என்றால் தேடுவதற்குப் பல வாரங்கள் ஆயின. மென்பொருளுக்கும் உறுப்புப் பட்டியல் வேண்டும் என்று அமெரிக்க அரசு அவ்வாண்டு மே மாதத்திலேயே ஆணையிட்டிருந்தது. நம் நாட்டில் செர்ட்-இன் 2024இல் அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பனியன் தைப்பவர் தலைமுறையாகச் செய்துவருவதை மென்பொருள் செய்வோர் இப்போதுதான் கற்கிறார்கள் என்று சொன்னால் நம் ஊர்ப் பெருமை பேசுவதாகாது.

இலவசமாகக் கிடைத்த பொருளில் இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து வாங்கியிருந்தால் நேர்ந்திராது என்று சிலர் பேசுகின்றனர். இக்கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். இந்நூலகத்தைப் பேணிவந்தவர்கள் ஊதியமில்லாத தொண்டர்கள். அவர்களுள் முதன்மையானவரான ரால்ஃப் கோயர்ஸ், பகலில் வேறொரு நிறுவனத்தில் முழுநேரப் பணி செய்துகொண்டு ஓய்வு நேரத்தில் இதனைக் கவனித்தவர். இடர் விளைத்த அந்தப் பழைய வசதியைத் தாங்களே விரும்பவில்லை என்றும், அதனை நீக்கினால் முன்பே பயன்படுத்துவோரின் மென்பொருள்கள் முறிந்துபோகும் என்பதால் வைத்திருந்தோம் என்றும் அக்குழுவினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். கோடிகளில் புரளும் நிறுவனங்கள் எட்டாண்டுக் காலம் அதனை எடுத்தாண்டன. நிரலோ எல்லார் கண்முன்னும் திறந்தே கிடந்தது. திறந்து கிடப்பது வேறு, படிக்கப்படுவது வேறு. ஏடுகள் எத்தனையோ வீடுகளின் பரண்களில் கிடந்தன. அவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு கண்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற ஒரு சாமிநாதையர் வேண்டியிருந்தார். பார்ப்பதற்குக் கண்கள் ஆயிரம் உண்டு என்று எல்லாரும் நம்பியிருந்ததால், உட்கார்ந்து பார்த்த கண்கள் மிகச் சிலவாகிவிட்டன.

இதில் நமக்கும் பங்குண்டு. இவ்வட்டத்தில் மேற்கோள் தேடும் நம்மில் பலர் செல்வது மதுரைத் திட்டத்துக்கு. 1998 பொங்கலையொட்டி, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கியது அது. தட்டச்சிட்டவரும் மெய்ப்புப் பார்த்தவரும் தொண்டர்களே. கட்டணமில்லாத எ-கலப்பையைக் கொண்டு கவிதை தட்டச்சிட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். பிழை கண்டால் அட்டவணையிட்டு அவர்களுக்கு எழுதி அனுப்பியவர் நம்மில் எத்தனை பேர்? நான் கைதூக்கச் சொல்லவில்லை. ஆய்வேடுகளில் மதுரைத் திட்டத்தின் பாடத்தை எடுத்தாண்டுவிட்டு அச்சு நூலின் பக்க எண்ணைப் போடும் வழக்கத்தை மதிப்பீட்டாளராக இருந்து பார்த்த வருத்தத்தில் கேட்கிறேன்.

அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2022 ஜூலையில் இந்நிகழ்ச்சி குறித்து ஓர் அறிக்கை அளித்தது. திருத்தம் செய்யப்படாத பழைய படிகள் இன்னும் பத்தாண்டோ அதற்கு மேலோ உலகில் இயங்கிக்கொண்டிருக்கும் என்று அது கணித்தது. யாரும் கவனிக்காத எந்திரங்களில், விற்றவரே மறந்துபோன மென்பொருள்களில் அந்தப் பழைய வாட்ச்மேன் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். மறுபுறம், பொதுமென்பொருளைப் பேணுவதற்காக ஜெர்மானிய அரசு நிதியளித்து ஏற்படுத்திய நிதியம் ஒன்று 2023இல் லாக் ஃபோர் ஜே குழுவினருக்குப் பொருளுதவி செய்ய முன்வந்தது. அதனைப் பேணும் தொண்டர் சிலர் அவ்வேலைக்கு ஊதியம் பெற்றுப் பணிசெய்யும் நிலை அதன்பின் வாய்த்தது.