இணை நடனமும் இரசிகர் தீர்ப்பும்



இலையுதிர்காலம் பிறந்து பொழுது விரைவிற் சாயத் தொடங்கியதும், பிரித்தானிய இல்லங்களில் சனிக்கிழமை மாலைகள் புதுக்களை பெறுகின்றன. பாட்டியும் பேத்தியும் ஒருங்கே தொலைக்காட்சியின் முன் அமர்கின்றனர். பி.பி.சி. நிறுவனம் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ என்னும் நடனப் போட்டியே அவர்களை அங்ஙனம் கூட்டுவிக்கின்றது.

இதற்கு முன்னோடியொன்று உண்டு. ‘கம் டான்சிங்’ என்னும் பெயரில், நடனம் பயின்றோரே கலந்துகொண்ட போட்டியொன்று 1950களிலிருந்து 1998 வரை இடையிட்டு இடையிட்டு ஒளிபரப்பாகி வந்தது. புதிய போட்டியிலோ நடிகர், விளையாட்டு வீரர், செய்தியாளர், நகைச்சுவையாளர் எனப் பிற துறைகளிற் புகழீட்டியோர் ஆடவருகின்றனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தொழில்முறை நடனக் கலைஞர் ஒருவர் இணையாகவும் ஆசிரியராகவும் அமைகின்றார். வாரந்தோறும் புதியதொரு நடனத்தைக் கற்று அரங்கேற வேண்டும். ஒவ்வோர் இணையாக விலக, டிசம்பர் மாதத்தில் இறுதிப் போட்டி நிகழும்.

இந்நிகழ்ச்சியைக் காண்போர் இரு திறத்தினர் எனலாம். ஒரு சாரார் தமக்குப் பழக்கமான முகத்தைக் காண வருகின்றனர். மற்றைய சாராரான நடன இரசிகரோ, முகத்தை விடுத்துக் காலைப் பார்க்கின்றனர். வோல்ஸ் நடனத்தில் முன்னோக்கி வைக்கும் அடியில் குதிகால் முதலில் தரையைத் தொட்டதா, நம் திஸ்ரம் போன்ற அதன் மூன்று எண்ணிக்கைக்கு இயைய உடல் எழுந்து தாழ்ந்ததா என்பன அவர்தம் வினாக்கள். ரும்பா, ச்சா ச்சா ச்சா முதலிய இலத்தீன் அமெரிக்க நடனங்களிலோ முன்பாதமே முதலிற் பதிய வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் தொழிலாளியாக இருந்து, நடன ஆசிரியராக உயர்ந்த லென் குட்மன், 2004 முதல் 2016 வரை தலைமை நடுவராக வீற்றிருந்து, இத்தகைய நுணுக்கங்களைப் பொதுமக்களின் பேச்சிற் கலந்தவர். அவர் 2023ஆம் ஆண்டில் மறைந்தார்.

காலைப் பார்க்கக் கற்றவர் அடுத்துக் கையைப் பார்க்கக் கற்கின்றார். ஆடவனின் இடக்கரம் பெண்ணின் வலக்கரத்தைப் பற்றியிருக்கும். அவனது வலக்கரம் அவள் முதுகில், தோட்பட்டையை அணைந்திருக்கும். வோல்ஸ் போன்ற நடனங்களில் இப்பிடி குலையலாகாது. எத்திசையில் திரும்புவது, எப்பொழுது நிற்பது என்பதை ஒருவர் மற்றவர்க்கு வாய்திறவாது உணர்த்துவது இப்பிடியின் வழியாகவே. மரபின்படி ஆடவன் வழிநடத்துவான், பெண் பின்தொடர்வாள். ஆனால் இப்போட்டியில் ஒரு விந்தை நிகழ்கின்றது. ஆடவன் நேற்றுப் பயிலத் தொடங்கியவனாகவும், பெண் கைதேர்ந்த கலைஞராகவும் இருப்பின், அவள் பின்னோக்கி நடந்தபடியே, பின்தொடர்பவள் போலத் தோன்றியபடியே, அவனை அரங்கு முழுவதும் செலுத்திச் செல்ல வேண்டும். பயிலுநர் பெண்ணாயின், தேர்ந்த ஆடவன் அவளது தடுமாற்றத்தை ஓரளவு தன் பிடிக்குள் மறைத்துக்கொள்வான். ஆதலின், இரு இணைகள் ஒரே மதிப்பெண்ணைப் பெற்றாலும் அவர்களது உழைப்பு ஒரே தன்மைத்தன்று என்பதை அனுபவமிக்க இரசிகர் அறிவர்.

இனித் தீர்ப்பு வழங்கும் முறையைக் காண்போம். நடுவர் நால்வரும் ஒவ்வொருவராகப் பத்துக்குள் மதிப்பெண் இடுவர். உச்ச எண் 40. நடுவரின் தரவரிசையும் மக்கள் வாக்கின் தரவரிசையும் கூட்டப்பெற்று, கடைசியில் நிற்கும் இரு இணைகள் மறுமுறை ஆட, அவற்றுள் ஒன்றை நடுவர் காப்பாற்றுவர். இறுதிப் போட்டியிலோ மக்கள் வாக்கு ஒன்றே வெற்றியை முடிவுசெய்யும். நடன இரசிகரின் நெஞ்சில் வேதனை பிறப்பது இவ்விடத்திலேதான்.

2008ஆம் ஆண்டில் அது வெளிப்படையாயிற்று. அரசியற் செய்தியாளராகப் பெயர்பெற்ற ஜோன் சார்ஜன்ட், கிறிஸ்டினா ரிஹானோஃப் என்னும் கலைஞருடன் ஆடினார். அவர் ஆட்டத்தில் திறமை குறைவு, நகைச்சுவை நிறைவு. பாசோ டோப்ளே நடனத்தில் இணையாளரைத் தரையில் இழுத்துச் சென்ற காட்சி நாடெங்கும் சிரிப்பை விளைத்தது. நடுவர் குறைந்த எண்களை வழங்க, மக்களோ வாரந்தோறும் அவரைக் காத்தனர். அவரினும் நன்கு ஆடியோர் வெளியேறினர். கலையை மதிப்போர் கசந்தனர். உரிமக் கட்டணம் செலுத்தும் மக்களின் நிகழ்ச்சியில் மக்கள் விரும்பியவரே நிலைப்பது முறை எனப் பிறர் வாதாடினர். ஈற்றில், தாம் உண்மையாகவே வென்றுவிடக்கூடும் என்றும், அது விளையாட்டின் எல்லையைக் கடந்துவிடும் என்றும் கூறி, அவ்வாண்டு நவம்பரில் அவரே விலகினார்.

அங்ஙனமாயின் மக்கள் வாக்கு கலைக்குப் பகையோ? பின்வந்த இரு வெற்றிகள் வேறு விடை தருகின்றன. 2021ஆம் ஆண்டில், பிறவியிலேயே செவிப்புலன் குன்றிய நடிகை ரோஸ் எய்லிங் எலிஸ், ஜியோவானி பெர்னிச்சேயுடன் ஆடி வென்றார். அத்தொடரில் ஒரு நாள், ஆட்டத்தின் நடுவே இசை சில கணங்கள் முற்றாக நின்றது, அவ்விருவரும் நிற்கவில்லை. ஓசையற்ற அரங்கில் அடிகள் பிசகாது தொடர்ந்தன. 2022ஆம் ஆண்டில் அக்காட்சி பாஃப்டா விருது பெற்றது. 2024ஆம் ஆண்டிலோ, கட்புலன் இழந்த நகைச்சுவையாளர் கிறிஸ் மக்கோஸ்லண்ட், டயான் பஸ்வெல்லுடன் ஆடி வாகை சூடினார். ஆடிக்காட்டிக் கற்பிக்க இயலாத இடத்தில், சொல்லாலும் தொடுகையாலுமே ஒவ்வோர் அசைவும் கற்பிக்கப்பட்டது.

இவை பரிவினால் விழுந்த வாக்குகள் என ஒருவர் கூறலாம். ஆயின் கையைப் பார்க்கக் கற்ற இரசிகர் அதனை எளிதில் ஏற்கமாட்டார். இசை நின்றபொழுதும் ஆட்டத்தைக் காத்தவை மனத்துள் ஓடிய எண்ணிக்கையும் இணையாளரின் அசைவும் ஆகும். கண் காணாதபொழுது திசை காட்டியது அவ்விருவருக்கிடையே இருந்த பிடி. இணை நடனத்தின் உயிர்நிலை எதுவோ, அதுவே அங்கே எவரும் காணுமாறு வெளிப்பட்டது. குதிகாலின் இலக்கணம் அறியாதாரும் அதனை அறிந்துகொண்டனர்.

நடன இரசிகர் வாரந்தோறும் நடுவருடன் பிணங்கலாம், மக்களுடன் முரணலாம். தம் வாக்கைப் பெற்றவர் தோற்க, அன்றிரவு உறக்கம் குன்றலாம். எனினும், அடுத்த சனிக்கிழமையும் அவர் அமர்ந்திருப்பார். பேர்பெற்ற ஒருவர் தம் புகழை ஓரத்தில் வைத்துவிட்டு, அறிந்தவர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு, நாடே பார்க்க முதலடி வைக்கும் அக்கணத்தைக் காண்பதற்காகவே அவர் காத்திருக்கின்றார்.