கல்பாத்தித் தெருவும் வாக்குச் சாவடியும்

(கல்பாத்தியில் நடந்த சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலக்காடு சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு முதலில் குறித்த நாள் 2024 நவம்பர் 13. அன்றுதான் இங்கே கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் தேரோட்டத்தின் முதல் நாள். எதிரெதிராக நின்ற கட்சிகளே இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் தேதியை மாற்றச் சொல்லின. தேர்தல் ஆணையமும் வாக்குப் பதிவை நவம்பர் 20க்குத் தள்ளி வைத்தது. பஞ்சாபில் குருநானக் பிறந்த நாளையும் உத்தரப் பிரதேசத்தில் கார்த்திகைப் பௌர்ணமியையும் முன்னிட்டு அங்கும் இப்படியே மாற்றினார்கள். மொத்தம் 14 தொகுதிகள்.

மதச்சார்பற்ற அரசு தேருக்காக வளையலாமா என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்டார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. தேர் இழுப்பவனும் வாக்களிப்பவனும் ஒரே ஆள்தான். அவன் இரண்டையும் செய்யட்டும் என்று ஒரு வாரம் தள்ளி வைத்ததால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. யாருடைய வாக்கும் பறிபோகவில்லை, யாருடைய வழியும் அடைபடவில்லை.

ஆனால் இதே தெருவில், இதே தேரின் பெயரால் வழி அடைபட்ட காலம் உண்டு. அந்த இடைத்தேர்தலுக்குச் சரியாக நூறு ஆண்டுக்கு முந்தைய கதை அது. அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பொதுச் சாலை, தெரு, கிணறு எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் கொண்டு வந்த தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபை 1924 ஆகஸ்டில் நிறைவேற்றியது. செப்டம்பரில் அரசு உத்தரவும் வந்தது. அதை நம்பி நவம்பர் தேர்த் திருவிழாவுக்கு ஈழவர்கள் இந்த அக்கிரகாரத் தெருவுக்குள் வந்தார்கள். அடித்துத் துரத்தப்பட்டார்கள்.

அரசு என்ன செய்தது? அடித்தவனைத் தடுக்கவில்லை, அடிபட்டவனைத் தடுத்தது. அமைதி காக்க வேண்டும் என்று 144 தடை போட்டு, ஈழவர் தெருவுக்குள் வரக்கூடாது என்றது. கிறிஸ்தவர் நடக்கலாம், முஸ்லிம் நடக்கலாம், அதே சாமியைக் கும்பிடுகிற ஈழவர் மட்டும் நடக்கக் கூடாது! இது என்ன நியாயம் என்று கேட்டுச் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து வந்தார்கள். அவர்களுக்கும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்டார். வைக்கம் ஊரறிந்த பெயராயிற்று. கல்பாத்தியை நம்மில் பலரே கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அன்று தெருவை மறித்தவர்கள் வேற்று நாட்டார் அல்லர். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பல தலைமுறைக்கு முன் பிழைக்க வந்து குடியேறிய தமிழர்கள். நம்மைப்போல் வந்தேறிகள்தாம். வந்த இடத்தில் காலூன்றியவன் அடுத்தவன் காலை மறிக்க மாட்டான் என்று சொல்ல முடியாது. இதை அவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை.

2017 ஜூன் மாதம். இங்கிருந்து எல்லைப் பக்கம் முதலமடை ஊராட்சியில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனி. அங்கே தமிழ் பேசும் சக்கிலியர் குடும்பங்கள், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை, தேநீர்க் கடையில் தனித் தம்ளர் என்று முறையிட்டார்கள். செய்தி ஏடுகளில் வந்தது. கட்சித் தலைவர்கள் வந்து பார்த்தார்கள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு நடப்புக்கு வந்து 67 ஆண்டு கழித்துத் தெரு போய்க் குழாய் வந்திருந்தது, அவ்வளவுதான். அங்கே இருபக்கமும் வாழ்கிறவர்களில் நம் மொழி பேசுகிறவர்கள் உண்டு என்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

இடுக்கிக் குடும்பங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். 2017 ஏப்ரலில் சின்னக்கானல் பக்கம் பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நட்டிருந்த பெரிய சிலுவையை அதிகாரிகள் அகற்றினார்கள். உடனே முதலமைச்சரே அதிகாரிகளைக் கண்டித்தார். சிலுவைக்குப் பதில் சூலம் நட்டிருந்தாலும் நம் கேள்வி ஒன்றுதான். அரசு நிலத்தில் சாமிக்கு இடம் உண்டா என்று பத்து நாள் விவாதித்தார்கள். முப்பது வருடம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்கிற அம்மாவுக்கு அரை சென்ட் உண்டா என்று எந்த நாளும் விவாதிக்கவில்லையே! 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் அமர்ந்தபோது கேட்டது போனசும் கூலியும்தான். நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டம் முதல் நாளே கலைந்திருக்கும்.

சாமி கும்பிடாதே என்று இந்தச் சங்கம் ஒருபோதும் சொல்லாது. சொன்னால் நம் வீட்டுப் பெண்களே கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். சாமி பெயரால் ஒருவர் ஒன்றைக் கேட்டால், அதனால் எந்த வழி, எந்தக் குழாய், எந்த நிலம் யாருக்கு அடைபடுகிறது என்று பார்ப்போம். அடைபடாவிட்டால் நாமும் சேர்ந்து வடம் பிடிப்போம்.

வாக்கு கேட்டு வருகிறவர்களுக்கும் இதுவே. வேட்பாளருடைய அல்லது வாக்காளருடைய மதம், சாதி, மொழி சொல்லி வாக்கு கேட்பது தேர்தல் முறைகேடு என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் அமர்வில், நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மொழியும் அதில் இருக்கிறது. ஆகவே தமிழன் என்பதால் தமிழனுக்குப் போடு என்று வருகிறவரையும் வாசலோடு அனுப்புங்கள். கூலிக்கு, வீட்டுக்கு, பள்ளிக்கு என்ன செய்வாய் என்று கேளுங்கள்.

தேருக்காகத் தேதி மாறியது நல்லது. நமக்கு அப்படித் தேதி மாறாது. ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஆ பிரிவுப்படி வாக்குப் பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை. தினக்கூலியாளும் அதில் அடக்கம். கஞ்சிக்கோட்டிலும் ஏலத் தோட்டத்திலும் இதை எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்? அடுத்த தேர்தலுக்கு முன்பே கிளைதோறும் மனு எழுதி முதலாளிகளிடம் கொடுப்போம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வருகிற மாரியம்மன் நோன்புக்கு லயங்களில் வரி பிரிக்கும்போது, ஒரே அடுப்பு, ஒரே பந்தி என்று கிளைக் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யாருடைய வரியை வாங்க மாட்டோம், யாருடைய பாத்திரம் வேண்டாம் என்று எங்காவது பேச்சு வந்தால், நோன்பு முடிந்த பிறகு வேண்டாம், அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.