தொட்டிலும் சுற்றணையும்

துயிலிலே ஓயாது புரளும் பிள்ளையைப் பெற்ற தாய்க்கு இராப்பொழுது மிக நீண்டது. ஒன்றரை வயதுப் பிள்ளை தொட்டிலின் ஒரு மூலையில் தலைவைத்து உறங்கத் தொடங்கும். நடுச்சாமத்தில் மறுமூலையிற் கிடக்கும். இடையிலே தலை மரச்சட்டத்தில் மோதும். கால் சட்டங்களுக்கிடையே வெளியே போய்விடும். பிள்ளை வீரிட்டழ, வீடு முழுவதும் விழித்துக்கொள்ளும். விடிந்ததும் தாயின் மனத்தில் எழும் எண்ணம் ஒன்றுதான். தொட்டிலின் உட்புறத்தைச் சுற்றிப் பஞ்சடைத்த துணியொன்றைக் கட்டிவிட்டால் என்ன? கடைகளிலே அதனைப் பம்பர் என்பர். தமிழிற் சுற்றணை என்று சொல்லலாம். யானையும் முயலும் அச்சிட்ட அத்துணியைக் காணும்போது தாயன்பே மெத்தையாக வந்தது போலத் தோன்றும். அது பிள்ளைக்குப் பாதுகாப்புத் தருமா என்பதே இன்று ஆராயவேண்டிய வினா.

சுற்றணை காரணமின்றித் தோன்றியதன்று. முற்காலத்து மரத்தொட்டில்களிற் சட்டங்கள் விலகி நின்றன. பிள்ளையின் உடல் அவ்விடைவெளியால் நழுவிப்போக, தலை மட்டும் அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்து இருந்தது. அவ்வெளியை அடைப்பதற்கே சுற்றணை உதவிற்று. 1973ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொட்டில்களுக்கு விதி வகுக்கப்பட்டது. சட்டங்களின் இடைவெளி ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்பது அவ்விதி. அதற்கமையச் செய்த தொட்டிலிற் பிள்ளையின் உடல் நுழைய வழியில்லை. ஆகவே சுற்றணையின் வேலை அங்கு முடிந்துவிட்டது. ஆனால், தேவை போனபின்பும் வழக்கம் எளிதிற் போவதில்லை. வாணிபம் அதனைப் போகவிடுவதுமில்லை.

அதன் தீங்கை வெளிப்படுத்திய ஆராய்ச்சியொன்று 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. செயின்ற் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழந்தை வைத்தியர்கள், 1985 முதல் 2005 வரையுள்ள மரண அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தனர். சுற்றணையோடு தொடர்புடைய 27 மரணங்களை அவர்கள் கண்டனர். பதினொரு குழந்தைகள் சுற்றணையில் முகம் பதிந்து மூச்சடைத்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. பதின்மூன்று குழந்தைகள் சுற்றணைக்கும் வேறொரு பொருளுக்கும் இடையே சிக்கி மாண்டன. மூன்று குழந்தைகளின் கழுத்தை அதனைக் கட்டும் நாடாவே இறுக்கிற்று. பல இலட்சம் தொட்டில்கள் உள்ள நாட்டில் இருபதாண்டுக் கணக்கு இவ்வளவுதானா என்று கேட்பாரும் உளர். எந்த நன்மைக்காக இவ்விலை கொடுக்கப்பட்டது என்று அவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும். சுற்றணை தடுக்கக்கூடிய காயங்களையும் அதே வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவை பெரும்பாலும் கன்றலும் சிராய்ப்பும் போன்ற சிறு காயங்களே.

மெத்தென்ற பொருள் எவ்வாறு உயிரைக் கவரும்? பஞ்சிலே முகம் பதிந்த குழந்தை, தான் வெளிவிட்ட மூச்சையே திரும்பவும் உள்ளிழுக்கின்றது. அம்மூச்சிற் காபனீரொட்சைட்டு மிகுந்தும் ஒட்சிசன் குறைந்தும் இருக்கும். வளர்ந்தவர்கள் உறக்கத்திலும் தலையைத் திருப்பிக்கொள்வர். சில மாதக் குழந்தைக்கு அவ்வலிமையும் உணர்வும் நிரம்புவதில்லை. அது அழுவதுமில்லை, கை கால் உதைத்து எவரையும் எழுப்புவதுமில்லை. இங்கேதான் பெற்றோரின் செவி அவர்களை ஏமாற்றுகின்றது. மரத்திலே தலை மோதும் ஓசை அடுத்த அறைவரை கேட்கிறது. மூச்சடைப்புக்கு ஓசையே இல்லை. கேட்கும் ஆபத்தைத் தடுக்கப்போய்க் கேளாத ஆபத்தைத் தொட்டிலுக்குள் அழைத்துவருவதே சுற்றணை கட்டுதல்.

“இவை கைக்குழந்தைகளின் கதையல்லவா? என் பிள்ளைக்கு வயது ஒன்றரை ஆயிற்றே” என்று ஒரு தாய் வினவலாம். நியாயமான வினாவே. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு மூச்சடைப்பின் அபாயம் பெரிதும் குறைகின்றது. ஆனால் அவ்வயதிற் பிள்ளை எழுந்து நிற்கக் கற்றுவிடுகிறது. காலூன்ற ஏதேனும் கிடைத்தால் ஏறாத பிள்ளை உண்டோ? பஞ்சுத் திண்டு நல்ல படியாக அமைகின்றது. அதன்மேற் கால்வைத்து மேற்சட்டத்தைத் தாண்டிய பிள்ளை தலைகீழாகச் சீமெந்துத் தரையில் விழும். உறக்கத்திலே தலை சட்டத்தில் உராய்வதோடு இவ்வீழ்ச்சியை ஒப்பிடவும் கூடுமோ? நாடாவின் ஆபத்தும் வயதோடு நீங்குவதன்று. அவிழ்த்து விளையாடும் விரல்கள் இப்பொழுதுதான் வந்திருக்கின்றன.

உறக்கம் வரும் வேளையில் வேண்டுமென்றே தலையை ஆட்டியும் மோதியும் தாளம்போடும் பிள்ளைகளும் உண்டு. அதனைக் கண்டு தாய்மார் கலங்குவது இயல்பு. ஆயினும் சுகமாக வளரும் பிள்ளைகள் பலரிடம் காணப்படும் இப்பழக்கம், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தானே மறைந்துவிடும். மோதல் கடுமையாக இருந்தாலோ, பகலிலும் தொடர்ந்தாலோ வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் சுற்றணை வேண்டாமென்று 2011இல் அறிவுறுத்திற்று. அவ்வாண்டிலேயே சிக்காகோ நகரம் அதன் விற்பனையைத் தடைசெய்தது. மேரிலாந்து மாநிலம் 2013இல் தடைவிதித்தது. இறுதியாக 2022 மே 16இல் நாடு முழுவதற்குமான சட்டம் கையொப்பமாகி, அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சில்லாத வலைத்துணி மட்டும் அத்தடைக்கு விலக்கு. விலக்கு என்றால் பரிந்துரை என்று பொருளன்று. வலைத்துணியும் தளர்ந்தால் தொங்கும். தொங்குவது எதுவும் பிள்ளையின் கழுத்துக்கு எட்டும்.

பின் தாய் செய்யத்தக்கது யாது? முதலிலே தொட்டிலைச் சோதித்தல் நன்று. வழக்கமான பருத்த குளிர்பானப் பேணியொன்று சட்டங்களுக்கிடையே நுழையுமாயின் அத்தொட்டில் பிள்ளைக்கு ஆகாது; பாட்டன் காலத்து முதுசமென்றாலும் ஆகாது. மெத்தை கெட்டியாகவும், தொட்டிலின் ஓரத்தோடு இடைவெளியின்றியும் இருத்தல் வேண்டும். பிள்ளை எழுந்து நிற்குமுன் அதனை மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு இறக்கிவிடவேண்டும். தலையணை, திண்டு, பெரிய பஞ்சுப் பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். நுளம்பு வலை நம் நாட்டிலே தவிர்க்கமுடியாதது; அதனை இழுத்துக்கட்டி, பிள்ளையின் கைக்கெட்டாது வைக்கலாம். வெப்பம் மிகுந்த இரவுகளில் நாற்புறமும் அடைத்த தொட்டிலைவிடச் சட்டங்களினூடே காற்று வரும் தொட்டில் பிள்ளைக்குச் சுகமானது என்பதையும் சொல்லவேண்டும்.

பெரியோர் கட்டிலிற் பிள்ளையைக் கிடத்தி, இருபுறமும் தலையணையால் அணைகட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதுவும் சுற்றணையின் உடன்பிறப்பே. பிள்ளை மேற்சட்டத்தைத் தாண்ட முயல்வதைக் கண்டவுடன் தொட்டிலை விடுத்து, தரையிலே மெல்லிய கெட்டி மெத்தையொன்றை விரித்து, அறையிலுள்ள கூரிய மூலைகளையும் மின்வடங்களையும் அகற்றிவிட்டால், பிள்ளை இரவு முழுவதும் உருண்டாலும் விழுவதற்கு உயரமில்லை. காலையிலே கதவோரத்திற் கண்டெடுக்கலாம்.