ஊர் மாறினால் வரவே!

நடுவர் அவர்களே! எதிரணியிலே அமர்ந்துகொண்டு என் பேச்சிலே எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருக்கிற நண்பர்களே! கடற்கரை இவ்வளவு பக்கத்திலே இருந்தும் காற்று வாங்கப் போகாமல் இரண்டு மணி நேரமாக இங்கே உட்கார்ந்திருக்கிற புதுச்சேரிப் பெருமக்களே!

"புது ஊருக்குக் குடிபெயர்வதால் மிஞ்சுவது வரவா? செலவா?" என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, செலவே என்று நிலைநாட்டுவதற்காகக் கோவலனைப் புகாரிலிருந்து கிளப்பி, மதுரைக்கு நடத்திக்கொண்டுபோய், கொலைக்களத்திலே விட்டுவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். (சிரிப்பு) பாவம் அந்தப் பிள்ளை! பாண்டியன் வெட்டச் சொன்னது ஒரே தடவை. பட்டிமன்றக்காரர்கள் நாங்கள் மாதத்துக்கு நாலு தடவை வெட்டுகிறோம். (கைதட்டல்)

சகோதரியை நான் கேட்கிறேன். கோவலன் கைப்பொருளை இழந்தது எந்த ஊரிலே? சொந்த ஊரான புகாரிலே! மதுரைக்குப் போகும்போது மிச்சம் இருந்தது மனைவியின் காற்சிலம்பு. அதையும் புது ஊரிலே முன்பின் விசாரிக்காமல், எதிரே வந்த பொற்கொல்லனிடம் கொண்டுபோய்க் காட்டினான். அது ஊர் மாறியதன் குற்றமா, ஆள் பார்க்காததன் குற்றமா? அதைவிட முக்கியம், மதுரையிலே இன்னொருத்தி இருந்தாளே, அவளை ஏன் சகோதரி விட்டுவிட்டார்? மாதரி! ஆயர்குலத்து மூதாட்டி. கவுந்தியடிகள் அடைக்கலம் என்று ஒப்படைத்த ஒரே காரணத்துக்காக, யாரென்றே தெரியாத இருவருக்கும் வீட்டைக் கொடுத்து, சமைக்கப் பண்டம் கொடுத்து, தன் மகளையும் துணைக்கு வைத்தாள். அடைக்கலம் வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று பிறகு தீயிலே பாய்ந்து உயிரை விட்டாள். புகாரிலே கோவலனுக்கு எத்தனையோ சொந்தபந்தம். அவர்களிலே ஒருத்தர் இப்படிச் செய்தாரா? புது ஊர் கொடுத்த உறவு அது. அதை எந்தப் பத்தியிலே எழுதப் போகிறீர்கள்?

இலக்கியம் இருக்கட்டும். என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினம். நாங்கள் பட்டினம் என்றுதான் சொல்லுவோம். 1996-லே எனக்குப் புதுச்சேரியிலே ஆசிரியர் வேலை கிடைத்தது.

வெளியூர் நேயர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் புதுச்சேரி ஆட்சிப்பகுதி நாலு துண்டு. புதுச்சேரி, அதற்குத் தெற்கே கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டிக் காரைக்கால், கேரளத்திலே அரபிக்கடல் ஓரமாக மாஹே, ஆந்திராவிலே கோதாவரிப் பக்கம் ஏனாம். பிரெஞ்சுக்காரன் வைத்துவிட்டுப் போன சொத்து! மற்ற மாநிலங்களிலே அரசு ஊழியருக்கு மாற்றல் என்றால் அடுத்த மாவட்டம். எங்கள் ஊரிலே மாற்றல் என்றால் அடுத்த மொழி! (பலத்த சிரிப்பு) கணக்குப் பாடம் நடத்துகிற என் நண்பர் ஒருவருக்கு ஏனாம் போட்டார்கள். புலம்பிக்கொண்டே போனார். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து, இப்போது கோபம் வந்தால் தெலுங்கிலேதான் திட்டுகிறார். அதுவும் வரவுதானே ஐயா?

வேலைக்கான உத்தரவு வந்த அன்றைக்கு ராத்திரி ஒரு தாளை எடுத்தேன். நடுவிலே ஒரு கோடு. இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு. நிரந்தர வேலை, நூலகம், பிறக்கப்போகிற பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், இதெல்லாம் வரவு. வீட்டு வாடகை, சொந்தத் தோட்டத்துத் தேங்காய் போய்க் கடைத் தேங்காய், அம்மா தனியாக இருக்க வேண்டுமே என்ற கவலை, இதெல்லாம் செலவு. கூட்டிக் கழித்தேன். வரவு மிஞ்சியது. பெட்டியைக் கட்டினேன்.

முத்தியால்பேட்டையிலே வீடு தேடி அலைகிறேன். ஒரு வயதான அம்மா. தெருவிலே எல்லோரும் ஆயா என்று கூப்பிடுவார்கள். கணவர் பிரெஞ்சு ராணுவத்திலே சொல்தாவாக இருந்து இறந்தவர். அவருடைய பென்ஷனிலே காலம் போகிறது.

"எந்த ஊரு தம்பி?"

"பட்டினம் ஆயா. காரைக்கால் பக்கம்."

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு. அங்க ஒரு வேலையை முடிச்சிட்டு அடுத்த மாசம் வராங்க."

"அட்வான்ஸ் எவ்ளோ வச்சிருக்கே?"

முதல் சம்பளமே இன்னும் வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். ஆயா உள்ளே போனார். சரி, கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். சாவியோடு வந்தார்.

நாலைந்து மாதம் பழகிய பிறகு கேட்டேன், எப்படி ஆயா என்னை நம்பினீர்கள் என்று. ஆயா சொன்ன கதைக்கு முன்னால் சரித்திரம் கொஞ்சம் தேவை. 1954 நவம்பர் முதல் தேதி இந்த ஊர் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி முழுசாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்களுக்கு ஆறு மாதத் தவணை. அதற்குள்ளே பிரான்சுதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகன். சும்மா இருந்தால் இந்தியக் குடிமகன். நினைத்துப் பாருங்கள்! நாம் ஊர் மாறுவதற்கே ஆறு மாதம் யோசிக்கிறோம். அவர்கள் நாட்டையே ஆறு மாதத்திலே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே வீட்டிலே அண்ணன் அந்த நாடு, தம்பி இந்த நாடு. ஆயாவின் கணவர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆயா கப்பல் ஏறினார்.

"மர்சேய்ல எறங்கினேன் தம்பி. ஒரு வார்த்தை தெரியாது. குளிருன்னா குளிரு. பக்கத்து வீட்டு வெள்ளக்காரக் கிழவி ஒருத்தி கம்பளிச் சட்டையக் கொண்டாந்து என் தோள்மேல போட்டா. அவ பேரு கூட எனக்கு வாயில நுழையல. இருபது வருஷம் கழிச்சு நான் திரும்பி வந்துட்டேன். அவளும் போய்ச் சேர்ந்துட்டா. அந்தக் கடனை அவகிட்ட எப்படித் தீக்கறது? உன்கிட்டதான் தீக்கணும்."

நடுவர் அவர்களே, நான் போட்ட தாளிலே இந்த ஆயா இல்லை. எந்தத் தாளிலேயும் இருக்க மாட்டார். செலவு எல்லாம் கிளம்புவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வரவிலே பாதி போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். (கைதட்டல்)

அதனாலேதான் கேட்கிறேன். கணக்கை எந்த வருஷம் முடிப்பது? இந்த ஊரிலே ஆனந்தரங்கப்பிள்ளை வீதியிலே தினம் போகிறோம், வருகிறோம். அவர் பிறந்தது இந்த ஊரா? இல்லை. 1709-லே சென்னைப் பக்கம் பிறந்தார். மைத்துனர் நைனியப்பப் பிள்ளை கூப்பிட்டார் என்று அவருடைய தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரி வந்தார். வந்து கொஞ்ச காலத்திலே என்ன நடந்தது? கூப்பிட்ட மைத்துனரையே கவர்னர் சிறையிலே போட்டு, சொத்தையும் பிடுங்கிக்கொண்டார். 1717-லே அவர் சிறையிலேயே செத்துப்போனார். தகப்பனார் பயந்துபோய்ச் சென்னைக்கே திரும்பினார். அன்றைக்கு எதிரணித் தலைவரைக் கூப்பிட்டிருந்தால், "செலவு! முழுக்கச் செலவு! கணக்கை மூடு!" என்று சொல்லியிருப்பார். (சிரிப்பு) ஆனால் திருவேங்கடம் பிள்ளை மறுபடியும் புதுச்சேரிக்கு வந்தார். மகன் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷி ஆனார். 1736-லிருந்து 1761 வரைக்கும் எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கு உலகமே எடுத்துப் படிக்கிற சரித்திர ஆவணம்.

பாரதியாரைச் சொல்லாமல் புதுச்சேரியிலே மைக்கைப் பிடிக்க முடியுமா? 1908. இருபத்தைந்து வயது. "இந்தியா" பத்திரிகை மேலே வழக்கு. சென்னையை விட்டு இங்கே வந்தார். வாசலிலே ஒற்றர்கள். 1910-லே பத்திரிகையும் நின்றது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவிலே வீடு. வீட்டுக்காரர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வருவாராம். பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வாடகையைக் கேட்காமலே போய்விடுவாராம். அந்தப் பத்து வருஷத்திலேதானே பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் நமக்குக் கிடைத்தன? வந்தவருக்கு மட்டுமா, ஊருக்கும் வரவு. இங்கே தமிழாசிரியராக இருந்த கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் பாரதிதாசன் ஆனாரே!

"பாரதியே 1918-லே கிளம்பிவிட்டாரே, எல்லையைத் தாண்டியதுமே கைது ஆனாரே" என்று எதிரணியிலே ஒருவர் சீட்டு எழுதுவது தெரிகிறது. எழுதுங்கள். உங்களுக்காக இன்னொன்றும் நானே தருகிறேன். அந்தப் பத்து வருஷம், நிலையான வருமானம் இல்லாத வீட்டிலே, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அடுப்பை எரியவிட்டவர் செல்லம்மாள். பாட்டு நமக்கு வரவு. அரிசி யாருக்குச் செலவு?

இந்த இடத்திலே என் வீட்டுக் கணக்கையும் மறைக்கக்கூடாது. 1997-லே அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். பதினோரு நாள் இருந்தார். இந்த ஊர்த் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருப்பதைப் பார்க்க வெளிநாட்டுக்காரன் வருகிறான். என் அம்மாவுக்கு அதுவே வினை. "எந்த முனையில நின்னாலும் ஒரே மாதிரி இருக்கே தம்பி, எது நம்ம தெரு?" பூ வாங்கப் போனவர் வழி தெரியாமல் நின்று, சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் சொன்னார், "என்னை ஊர்ல கொண்டுபோய் விட்டுடு."

நான் பட்டிமன்றப் பேச்சாளன் ஆயிற்றே! விடுவேனா? ஆஸ்பத்திரி பக்கத்திலே இருக்கிறது, பேரப்பிள்ளை வரப்போகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று அடுக்கினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பத்தொம்பது வயசுல உங்க அப்பாவோட திருவாரூர் பக்கத்துலேர்ந்து பட்டினத்துக்கு வந்தேன். வர்றியான்னு என்னை யாரும் கேக்கல. வந்து, அழுது, பழகி, அதை என் ஊரா ஆக்கறதுக்குப் பத்து வருஷம் ஆச்சு. இன்னொரு பத்து வருஷம் செலவு பண்ண என்கிட்ட வயசு இல்ல தம்பி."

இந்த அரங்கத்திலே இருக்கிற தாய்மார்களைப் பார்த்துக் கேட்கிறேன். உங்களிலே எத்தனை பேர் பிறந்த ஊரிலேயே இருக்கிறீர்கள்? கல்யாணம் என்ற பெயரிலே ஊர் மாறினீர்களே, அன்றைக்கு உங்களுக்காக யாராவது தாளை எடுத்து நடுவிலே கோடு போட்டார்களா? ஒரு நடுவர் உட்கார்ந்தாரா? (நீண்ட கைதட்டல்)

அம்மா அங்கேயே இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நான் பஸ் ஏறுவேன். 2011-லே ஒரு ராத்திரி கிணற்றடியிலே விழுந்துவிட்டார். போன் வந்தது. நாலு மணி நேரம் பஸ்ஸிலே போனேன். நான் போய்ச் சேரும்போது விடிந்திருந்தது. அம்மா இல்லை. சகோதரி, இதைச் செலவுப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் அணி மாறவும் இல்லை. ஏன் தெரியுமா? அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது எதிர்வீட்டுப் பையன். பாடை சுமந்தவர்களிலே எங்கள் சொந்தக்காரர் இரண்டு பேர். மற்றவர்கள் எல்லாம் தெருக்காரர்கள். பத்தொன்பது வயதிலே ஒரு முகம்கூடத் தெரியாமல் அம்மா வந்து இறங்கிய அதே தெரு. செலவு உண்டு என்று எதிரணி நன்றாகவே காட்டினார்கள். செலவு உண்டு என்பதும் செலவே மிஞ்சும் என்பதும் ஒன்றாகுமா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். என் மகள் இப்போது பெங்களூரிலே வேலை பார்க்கிறாள். அப்பா, ஓய்வு பெற்றதும் இங்கேயே வந்துவிடுங்கள் என்கிறாள். பதினாலாவது மாடியிலே வீடு. போன மாதம் வழக்கம்போல ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டேன். மகள் பக்கத்திலே இருப்பாள், குளுகுளு என்று இருக்கும், இது வரவு. 2024 கோடையிலே அந்த ஊர் தண்ணீருக்குப் பட்ட பாடு, கன்னடம் தெரியாத தமிழ்ப் பேராசிரியர், கடற்கரை நடை போய்விடும், இது செலவு. என் மனைவி எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, 96-ல இங்க வர்றதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு தாள் போட்டீங்களே. காரைக்கால்ல நான் பாத்துக்கிட்டிருந்த டீச்சர் வேலைய அதுல எந்தப் பக்கம் எழுதினீங்க?"

ஆயாவிடம் "ஒரு வேலையை முடிச்சிட்டு வராங்க" என்றேனே, அதுதான் அந்த வேலை. ராஜினாமாக் கடிதம் கொடுக்கிற வேலை. நான் அதை எந்தப் பக்கமும் எழுதவில்லை.

"இந்தத் தடவை தாளை என்கிட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் ஆகிவிட்டது. அதோ, மூன்றாவது வரிசையிலேதான் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், இன்னும் எழுதி முடியவில்லை என்கிறார். (சிரிப்பு, கைதட்டல்)