தொல்லை சத்தத்தில், ஆபத்து புகையில்



எனக்கு முன் பேசிய நண்பர், "சைலன்சர் உடைந்தால் சத்தம்தானே கூடும்? சம்பளம் வந்ததும் மாற்றலாம்" என்றார். அவருடைய பணச் சிரமம் புரிகிறது. ஆனால் சத்தம் சிறிய தொல்லைதான். பெரிய ஆபத்து வேறு.

இயந்திரத்தின் நச்சுப் புகையை நம் இருக்கைகளைத் தாண்டி, காரின் பின்புறத்துக்கு வெளியே கொண்டு சேர்ப்பதும் புகைக்குழாயின் வேலை. அது நடுவில் அறுபட்டால் புகை நம் காலடியிலேயே வெளியாகும். தரையிலுள்ள துளைகள், பின்கதவின் தேய்ந்த ரப்பர் வழியே உள்ளே நுழையும்.

அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிக வலிமையுடன் ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது, பின்னிருக்கையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என நினைப்போம். அது மயக்கமாகவும் இருக்கலாம்.

சத்தத்துக்காகவே கழற்றும் இளைஞர்களே! கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் நீக்கினால், நச்சைக் குறைக்கும் கருவியே போய்விடுகிறது. வாகன இரைச்சலுக்கு மலேசியாவில் 1987ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் வந்துவிட்டன.

குழாய் உடைந்தால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இழுவை வண்டியை அழையுங்கள். முடியாவிட்டால் கண்ணாடிகளை இறக்கி, பின்கதவை மூடி, அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் செல்லுங்கள். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே நிறுத்தி இறங்குங்கள். பல வேளைகளில் உடைந்த இடத்தை வெல்டிங் செய்தாலே போதும். முழுக்குழாயும் மாற்றத் தேவையில்லை. அதற்குச் சம்பள நாள்வரை காத்திருக்க வேண்டாம்.