ட்யூனைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி…

போன வருஷம் எங்க அக்கா கல்யாண ரிசப்ஷனுக்காக ஒரு பாட்டு எழுதினேன். வீட்டை விட்டுப் போகிற அக்காவுக்குத் தம்பி பாடுற பாட்டு. ட்யூன் பைக் ஓட்டும்போதே வந்துடுச்சு. கிடாரில் கார்டு போட்டு, ஒரு வாரம் முன்னாடி அவகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "டேய், ஸ்கூல் ஆண்டு விழாப் பாட்டு மாதிரி இருக்குடா"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரலை.

பேசாம ட்யூனையே தூக்கிப் போட்டுடலாம்னு தோணுச்சு. அதுக்கு முன்னாடி கிடாரைக் கீழே வச்சுட்டு வெறும் வாயால் பாடிப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. அப்போ தப்பு ட்யூனில் இல்லை, கார்டில்.

முதல் தப்பு, கிட்டத்தட்ட ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கார்டு மாத்தியிருந்தேன். ஒரே தெருவில் பத்து ஸ்பீட் பிரேக்கர் வச்ச மாதிரி. தாளத்தின் முதல் அடியில் விழுகிற ஸ்வரம், நீளமா நிற்கிற ஸ்வரம், இது ரெண்டும்தான் முக்கியம். நடுவில் ஓடிப் போறதைக் கண்டுக்க வேண்டாம். எனக்கு நாலு எண்ணிக்கைக்கு ஒரு கார்டே போதுமானதா இருந்தது.

அடுத்து, பாட்டு எங்கே வந்து நின்னா 'வீட்டுக்கு வந்தாச்சு'ன்னு தோணுதோ, அதுதான் உங்க ச. என் பாட்டுக்கு அது சி. ஸ்கேல் சி மேஜர், நம்ம சங்கராபரணத்தில் வர்ற அதே ஸ்வரங்கள். சி, எஃப், ஜி என்ற மூணு மேஜர் கார்டுகளுக்குள் ஏழு ஸ்வரமும் அடங்கிடும். அதனால் அந்த மூணை வச்சே முழுப் பாட்டையும் ஓட்டிட்டேன். ரெண்டாவது தப்பு அதுதான்.

கார்டுங்கிறது ஒண்ணு விட்டு ஒண்ணா எடுத்த மூணு ஸ்வரம். ச, க, ப சேர்ந்தா சி மேஜர். அப்படின்னா ஒரே க மூணு கார்டில் உட்காரும்: சி மேஜரில் நடுவில், ஈ மைனரில் அடியில், ஏ மைனரில் மேலே. என் பல்லவியின் முதல் வரி அந்த க-வில்தான் நிற்கும். சி-யை எடுத்துட்டு ஏ மைனர் வச்சேன். பாடுற ஸ்வரம் அதேதான். ஆனா கீழே இருக்கிற தரை மாறிடுச்சு. இதுவரை சிரிச்சுக்கிட்டு நின்ன வரி, வாசலில் நின்னு திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சது.

மூணாவது, ஒவ்வொரு வரியையும் ஜி-யிலிருந்து சி-க்குக் கொண்டுவந்து முடிச்சிருந்தேன். ஜி கார்டில் இருக்கிற நி, மேலே இருக்கிற ச-வுக்குப் போகத் துடிக்கும். அதனால் சி வந்ததும் நிம்மதி. வரிக்கு வரி நிம்மதி கொடுத்தா, கேட்கிறவங்க எதுக்குக் காத்திருக்கணும்? நடுவில் ஜி-யிலேயே கேள்வி மாதிரி நிறுத்தினேன். வீட்டுக்கு வர்றதைக் கடைசி வரிக்கு மட்டும் வச்சேன்.

ரிசப்ஷனில் பாடி முடிச்சதும் அக்கா கேட்டா, "ட்யூனை மாத்திட்டியாடா?"

ஒரு ஸ்வரம்கூட மாத்தலை.

உங்க போனில் பாதியில் நிற்கிற ட்யூன் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இன்னைக்கு அதில் நீளமா நிற்கிற ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்து, மூணு கார்டும் மாத்தி மாத்தி வச்சுக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.